அறுபத்திமூண்டாம் நம்பர் வில்லை

கரையைப் பாருங்கோ ரீச்சர். தண்ணியைப் பாக்கப்படாது. தண்ணியைப் பாத்தாத்தான் வயித்தைப் பிரட்டும். அங்க தெரியுதே மலை, அதைக் கண்ணால பிடிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ. இந்தாங்கோ, தேசிக்காய். நகத்தால கீறிப்போட்டு மணந்துகொண்டு வாங்கோ. வெக்கப்படாதேங்கோ, நான் எப்பவும் ரெண்டு மூண்டு மடியில கொண்டுதான் வாறனான். இந்த மூதூர் லாஞ்சி வள்ளத்தில ஆராவது ஒராள் இப்பிடித்தான் முழி பிதுங்கிக்கொண்டு இருக்கும்.

மூதூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றமோ? நல்ல சனம். தயிரும் நல்லம். அங்க தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ? ஒருத்தரும் இல்லையோ. போகப் போகச் சரிவரும்.

எனக்கு ஒராள் இருக்கு. சூசைப்பிள்ளை. மாதா கோயிலுக்குப் பின்பக்கம் வீடு எண்டு கேள்வி. அவனிட்ட ஒரு சாமான் குடுக்கக் கிடக்கு. இண்டைக்கு நேத்து இல்லை, முப்பது வருஷமாக் குடுக்கக் கிடக்கு. போன கிழமை சந்தையில ஒரு மூதூர் மனிசி சொன்னாள், ஆளை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிப் போட்டாங்களாம். ஏனெண்டு உங்களுக்கு விளங்கும். வைச்சுப் பாக்க ஒண்டுமில்லை எண்டாத்தானே அனுப்புறது. அதுதான் வெளிக்கிட்டன்.

உண்மையா நியாயத்தைப் பாத்தா அவன்தான் என்னட்ட வந்திருக்க வேணும். நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. உங்களுக்கும் ஒரு மணித்தியாலம் போகோணும்.

இடப்பக்கம் கொஞ்சம் கறுப்பாத் தெரியுதெல்லோ தண்ணி. அங்க பாக்காதேங்கோ, சும்மா கேளுங்கோ. உதில எல்லாம் எங்கட கிழவி தாண்டு, அடியில மூழ்கிக் கிடந்தவள். கிழவி எண்டா மனிசி இல்லை, நீர்மூழ்கிக் கப்பல். டொக்யாட்டில, கடற்படைக் கப்பல் திருத்துற இடத்தில, வேலை செய்த நாங்கள் வைச்ச பேர். வெள்ளைக்காரன் வைச்சது ஒரு எழுத்தும் ரெண்டு இலக்கமும். மற்றக் கப்பலுக்கெல்லாம் ராசா பேர், ராணி பேர். இவளுக்கு மறியல்ல கிடக்கிற கைதிக்குப் போடுறமாதிரி நம்பர்.

பாவம், ராசி இல்லாத கப்பல் ரீச்சர். முதலாம் சண்டைக்கெண்டு கட்டத் தொடங்கினதாம். கட்டி முடியச் சண்டையும் முடிஞ்சுது. பிறகு சீனப் பக்கம் கொண்டு போய் இருபது வருஷம் கட்டி வைச்சிருந்தாங்கள். ரெண்டாம் சண்டை வந்த உடன திருகோணமலைக்குக் கொண்டு வந்தாங்கள். சண்டை பிடிக்க இல்லை, ஒளிச்சுப் பிடிச்சு விளையாட. இவள் போய்த் தண்ணிக்குள்ள தாண்டு சத்தம் போடாமல் இருக்கோணும். மேல சின்னக் கப்பலுகள் சுத்திச் சுத்தி வந்து, காதில கருவியை வைச்சுக்கொண்டு, கிழவி எங்க கிடக்கிறாள் எண்டு கண்டுபிடிக்கோணும். புதுப் பெடியளுக்குப் பழக்கம். கண்டுபிடிச்சா மேல வருவாள். அடுத்த நாளும் அதுதான். பிடிபடுறதுதான் அவளுக்கு வேலை. ஒருத்தனுக்கும் ஒரு குண்டு சுட்டதில்லை.

எனக்கு அவளிலதான் வேலை. உள்ளுக்கு இல்லை, வெளியில. கப்பலுக்கு ஏறுற பாலத்தடியில ஒரு பலகை. பலகையில எண்பது ஆணி. ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் நம்பர் அடிச்ச ஒரு பித்தளை வில்லை. உள்ளுக்குப் போகேக்க வில்லையைத் தன்ர ஆணியில கொழுவிப்போட்டுப் போகோணும், வெளிய வரேக்க எடுத்துக்கொண்டு போகோணும். அவனவன் தன்ர கையால. ஒருத்தன்ர வில்லையை மற்றவன் தொடப்படாது. கப்பல் வெளிக்கிட முதல், கப்பல்ல மேற்பார்வை பாக்கிற வெள்ளைக்காரன், கொக்சன் பிளெற்சர், வந்து பலகையைப் பாப்பான். பலகை வெறுமை எண்டா உள்ள வேலைக்காரர் ஒருத்தரும் இல்லை. தலையை ஆட்டுவான், மூடியைப் பூட்டுவாங்கள், போய்த் தாண்டுவாங்கள். அந்தப் பலகைக்குக் காவல் நான். வீரகத்தி எண்டா ஆருக்கும் தெரியாது, பலகைக்காரன் எண்டாத் தெரியும்.

லேசான வேலை எண்டு நினைப்பீங்கள். எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை. வெயிலுக்கை நிண்டு பாத்தாத் தெரியும்.

சூசை பற்றரிக்காரன். அவனுக்கு அறுபத்திமூண்டாம் நம்பர். தண்ணிக்குக் கீழ போனா அந்தக் கப்பல் பற்றரியிலதான் ஓடும். ஒவ்வொண்டும் உங்கட நெஞ்சு உயரம் நிக்கும். முன்னறையில நிலப்பலகைக்குக் கீழ நூற்றுக்கு மேல அடுக்கிக் கிடக்கும். நிலப்பலகையில ஒண்டைக் கழட்டிப்போட்டு, பற்றரிக்கு மேல வயிறு முட்டப் படுத்து ஊர்ந்து போய், ஒவ்வொரு வாயாத் திறந்து தண்ணி விடோணும். இருக்கேலாது, நிமிரேலாது. அமிலக் காத்து மூக்கை எரிக்கும். ஒருத்தனும் போகமாட்டான், சூசை போவான். பாடிக்கொண்டு போவான். மாதா கோயில்ல பாடுறவன் அவன். பெருநாளைக்கு அவன் பாடுறதைக் கேக்கச் சைவச் சனமும் மதிலடியில வந்து நிக்கும். நானும் நிண்டிருக்கிறன்.

அங்க கீழ கிடக்கிறவனுக்குச் சைரன் கேளாது. அதால, பன்ரெண்டு மணிக்குச் சைரன் அடிச்சு எல்லாரும் வெளிய வந்தாப் பிறகு, நான் மூடி திறந்த முன்வாசலுக்குள்ள தலையை விட்டுக் கூப்பிடுவன்: "சூசை, ஏறு." கீழ இருந்து வரும், "வாறன் மச்சான்." அது சட்டத்தில இல்லை ரீச்சர். ஒருத்தரும் என்னைக் கூப்பிடச் சொல்லயில்லை. நானாப் பழகினது. அஞ்சு வருஷம் ஒரு நாள் தவறாமல் கூப்பிட்டன்.

அஞ்சு வருஷம் ஒரே அறை. டொக்யாட் லைனில பத்தடிக்குப் பத்தடி. நான்தான் சமையல். அவனுக்குச் சுறாப்புட்டு எண்டா உயிர். எனக்கு வீட்டில தாய் தேப்பன் இல்லை, சொந்தமெண்டு பாத்தா அவன்தான். வேலை விட்டு வந்து ரெண்டு பேரும் வாசல்ல இருந்து ஒரு பீடியை மாறி மாறிப் பத்துவம். அவ்வளவுதான். பெரிய கதை ஒண்டும் இல்லை. ஆனா அறைக்குள்ள ஒருத்தன் இருக்கிறான் எண்டுறது ஒரு பெரிய விஷயம். அது இல்லாமப் போனாப் பிறகுதான் தெரியும்.

இப்ப நான் சொல்லப்போறதைத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். நாற்பத்திநாலாம் ஆண்டு, சோளகக் காத்து அடிக்கிற நேரம். ஒரு நாள் காலமை தேத்தண்ணிக் கடையில நிக்கிறன். கடைக்காரன் கேக்கிறான், "என்ன பலகைக்காரர், கூட்டாளிக்கு மூதூர்ப் பொம்பிளை முற்றாயிட்டுதாம், இனி அறை முழுக்க உனக்குத்தான்" எண்டு. எனக்குத் தெரியாது ரீச்சர். என்னோட படுத்து எழும்புறவனுக்குக் கலியாணம் முற்று, எனக்குத் தெரிய முதல் தேத்தண்ணிக் கடைக்காரனுக்குத் தெரியுது. நான் சிரிச்சுப்போட்டு வந்திட்டன்.

அவன் வேலைக்கு வரேக்க என்னைப் பாத்துச் சிரிச்சான். "மச்சான், பின்னேரம் ஒரு விஷயம் சொல்லோணும்" எண்டான். நான் மறுபக்கம் பாத்தன். அறுபத்திமூண்டைக் கொழுவிப்போட்டு இறங்கிப் போனான்.

பன்ரெண்டுக்குச் சைரன் அடிச்சுது. சனம் முட்டி மோதிக்கொண்டு வருது. அவனவன் வில்லையை எடுக்கிறான், போறான். கடைசியாப் பலகையில ஒண்டே ஒண்டு மிச்சம். அறுபத்திமூண்டு.

நான் அண்டைக்குக் கூப்பிடயில்லை.

கோவம். அவ்வளவுதான். கோவக்காரன் எப்பிடிக் கூப்பிடுறது? அதோட, அவன் வந்திட்டான் எண்டுதான் நினைச்சன். சத்தியமா. நெரிசலுக்குள்ள அவன்ர நீலச் சட்டையைக் கண்டமாதிரி இருந்தது. என்ர முகத்தைப் பாக்க ஏலாமல் வில்லையை விட்டிட்டுப் போயிட்டான் எண்டு நினைச்சன். நீலச் சட்டை டொக்யாட்டில இருநூறு பேரிட்ட இருந்தது, அது வேற கதை. பிளெற்சர் தூரத்தில வாறான். அண்டைக்கு ஆரோ பெரிய தளபதி பாக்க வாறதெண்டு அவன் அந்தரப்பட்டுக்கொண்டு வாறான். பலகையில ஒரு வில்லை கிடந்தா என்னைத்தான் ஏசுவான். நான் எடுத்துக் களிசான் பொக்கற்றுக்குள்ள போட்டன். பின்னேரம் அறையில வைச்சு அவன்ர முகத்தில எறியலாம் எண்டு நினைச்சன்.

பிளெற்சர் வந்தான். பலகையைப் பாத்தான். என்னைப் பாத்து, "ஒருத்தரும் இல்லையோ?" எண்டு கேட்டான். நான் ஓமெண்டன்.

ஆரு, இஸ்மாலெவ்வையோ? இந்தா தம்பி, டிக்கெற் காசு. என்ன? இல்லையடா, இண்டைக்குச் சும்மா காத்து வாங்க வரயில்லை. போ, போய் மற்றாக்களிட்ட வாங்கு. அவன் பகிடிக்காரன் ரீச்சர், லாஞ்சிக்காரப் பெடியனுக்குக் கதை கூட. நான் இடைக்கிட இதில வந்து போறனான், அதைத்தான் சொல்றான். வயசு போன காலத்தில வேற எங்க போறது?

எங்க விட்டன்? பலகை. உள்ள என்ன நடந்ததெண்டா, ஒரு வெள்ளைக்காரப் பெடியன் முன்னறையால போகேக்க நிலப்பலகை ஒண்டு கழட்டிக் கிடக்கிறதைக் கண்டிருக்கிறான். பலகை வெறுமை எண்டு பிளெற்சர் சொல்லியாச்சு, அப்ப கீழ ஒருத்தரும் இல்லை. பெடியன் நிலப்பலகையைப் போட்டுப் பூட்டி, அதுக்கு மேல உருளைக்கிழங்குப் பெட்டி மூண்டை அடுக்கிப்போட்டான். சூசை அங்கால் கடைசி மூலையில கிடந்திருக்கிறான். என்ர குரலைப் பாத்துக்கொண்டு கிடந்திருப்பான். இன்னும் கூப்பிடயில்லை, அப்ப இன்னும் நேரம் இருக்கு எண்டு வேலையைச் செய்துகொண்டு கிடந்திருப்பான். எஞ்சின் அதிர்ந்த உடனதான் விளங்கியிருக்கும். கத்தியிருக்கிறான். எஞ்சின் சத்தத்துக்குள்ள ஆருக்குக் கேக்கும்?

பிறகு தாண்டாங்கள். தாண்டா எஞ்சின் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. சூசை கையில இருந்த திருகுச் சாவியால இரும்பில தட்டத் தொடங்கினான். தட்டினது கேட்டதாம் ரீச்சர். உள்ள இருந்த முப்பது பேருக்கும் கேட்டதாம். மேல சுத்தின கப்பல்ல பெடியள் அதைக் கொப்பியில எழுதியும் வைச்சவங்களாம், இன்ன நேரம் தொடக்கம் இன்ன நேரம் வரை தட்டுற சத்தம் எண்டு. ஆனா கிழவியின்ர கப்டன் நினைச்சது, வெளியில ஏதோ கழண்டு அடிபடுது எண்டு. மனிசன் எண்டு நினைக்கயில்லை. ஏனெண்டாப் பலகை வெறுமை. காதுக்குக் கேட்டதை விட்டுப்போட்டுப் பலகையை நம்பினவங்கள்.

கிழட்டுக் கப்பல்தானே, ஒரு பக்கத்தால உப்புத்தண்ணி கசிஞ்சிருக்கு. உப்புத்தண்ணி பற்றரி அமிலத்தில பட்டா ஒரு பச்சைக் காத்து வரும். அது நெஞ்சைத் தின்னும். ரெண்டரை மணித்தியாலம் கழிச்சு, அறையில படுத்திருந்த ஒருத்தனுக்கு மூக்கு எரிஞ்சிருக்கு. காதை நிலத்தில வைச்சுக் கேட்டானாம். பெட்டியைத் தள்ளி, நிலப்பலகையைக் கழட்டி, காலில பிடிச்சு இழுத்தவங்கள்.

உயிர் இருந்தது. கடவுள் செயல். நான் அண்டைக்கு அறையில சுறாப்புட்டு அவிச்சு வைச்சுக்கொண்டு இருந்தன். கோவத்தில சுடுசொல் ரெண்டு சொல்லிப்போட்டுப் பிறகு சாப்பாடு குடுக்கிறதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். ஏழு மணிக்கு ஒரு பெடியன் ஓடி வந்து சொன்னான்.

ஆஸ்பத்திரியில ஒரு மாதம். நெஞ்சு ஒருமாதிரித் தேறியிட்டுது, தொண்டை தேறயில்லை. குரல் போயிட்டுது. ஊதுறமாதிரி ஒரு காத்துத்தான் வரும், கிட்டக் காதை வைச்சாத்தான் கேக்கும். அதுக்குப் பிறகு அவன் பாடயில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனனோ எண்டு கேக்கிறீங்களோ? வாசல் வரைக்கும் போனனான். அங்க அவனுக்குப் பேசின மூதூர்ப் பெட்டை நிண்டது, அதின்ர தாயும் நிண்டது. குடும்பமா நிக்கிற இடத்தில நான் என்னெண்டு போறது? திரும்பி வந்திட்டன்.

பிறகு விசாரணை வைச்சவங்கள். மூண்டு வெள்ளைக்காரர், ஒரு தமிழ்க் கிளாக்கர் மொழிபெயர்க்க. ஒரே ஒரு கேள்விதான். அறுபத்திமூண்டைப் பலகையில இருந்து எடுத்தது ஆர்? நான் சொன்னன், அவனே வந்து எடுத்துக்கொண்டு போனவன், பிறகு நான் காணாமல் திரும்ப உள்ள போயிருக்கோணும் எண்டு. வேற என்னெண்டு சொல்றது ரீச்சர்? மற்றவன்ர வில்லையைத் தொடப்படாது எண்டது சட்டம். தொட்டதெண்டாப் பலகைக்காரனுக்குச் சீட்டுக் கிழியும், அதோட சண்டைக்காலம், உள்ளயும் போடுவாங்கள். எனக்கு ஆர் இருக்கினம் வெளிய எடுக்க? அவனுக்குப் பொம்பிளை வீடு இருந்தது.

பிறகு அவனைக் கேட்டாங்கள். கதைக்க ஏலாது, கடுதாசியைக் குடுத்தாங்கள். அவன் எழுத முதல் என்னைப் பாத்தான். முகத்தைப் பாக்கயில்லை. என்ர கையைப் பாத்தான். கை களிசான் பொக்கற்றுக்குள்ள இருந்தது. வில்லை அதுக்குள்ளதான் கிடந்தது, அண்டைக்குப் போட்டது போட்டபடி. நான் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அவன் குனிஞ்சு எழுதினான். கிளாக்கர் வாசிச்சான்: "வில்லையை நான்தான் எடுத்தனான். திரும்ப உள்ள போகேக்க பற்றரிக்குள்ள விழுத்திப் போட்டன்."

பாத்தீங்களோ? அவனே ஒத்துக்கொண்டவன். நான் ஒருத்தனுக்கு மேல பழி போடயில்லை. அவனே தன்ர கையால எழுதினவன். அவனை வேலையால நிப்பாட்டினாங்கள். நான் பலகையிலயே இருந்தன், பிறகு மேற்பார்வைக்கு ஏத்தினாங்கள். அந்த மாதமே அவன் கலியாணம் முடிச்சு மூதூருக்குப் போட்டான். அறைக்கு வந்து தன்ர பெட்டியை எடுத்தது கூட நான் வேலைக்குப் போன நேரம். பாத்துத்தான் வந்திருக்கிறான். கட்டிலில பீடிக்கட்டு ஒண்டு வைச்சிட்டுப் போயிருந்தான், உடைக்காத கட்டு. ஏன் வைச்சவன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கயில்லை. மறந்துபோய் விட்டிருக்கலாம்.

அறை முழுக்க எனக்குத்தான். கடைக்காரன் சொன்னமாதிரி.

கிழவியும் கனகாலம் இருக்கயில்லை. சண்டை முடிய, உள்ள இருந்த நல்ல சாமானை எல்லாம் கழட்டிப்போட்டு, வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுத் தாட்டாங்கள். சுட்டுப் பழக. அதுக்கும் பழக்கந்தான். நான் மலையில ஏறி நிண்டு பாத்தன். மற்ற நாளெல்லாம் தாண்டா மேல வருவாள் எண்டு ஒரு நினைப்பு இருக்கும். அண்டைக்கும் பின்னேரம் மட்டும் நிண்டிட்டுத்தான் வந்தன்.

நான் கலியாணம் கட்டயில்லை. கேட்டவைதான், எனக்கு மனம் வரயில்லை. அவனுக்கு மூண்டு பெட்டைப் பிள்ளையள். மூண்டு கலியாணத்துக்கும் எனக்கு அழைப்புக் காட் வந்தது, லாஞ்சிக்காரனிட்டக் குடுத்து அனுப்பினது. நான் ஒண்டுக்கும் போகயில்லை. ஏன் போகோணும்? முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ. வீட்டுக்கு வந்து வெத்திலை வைச்சு, வாயால வா எண்டு கூப்பிட்டாத்தானே ஒரு மனிசன் போறது?

என்ன சொன்னீங்கள்?

ஓம். தெரியும். அவனுக்குக் கூப்பிடக் குரல் இல்லை. தெரியும் ரீச்சர்.

தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் தனிய இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். கோபியாதேங்கோ, கண்ணில காத்துப் பட்டிட்டுது.

இஸ்மாலெவ்வை சொன்னது பகிடி இல்லை. உங்களிட்டப் பொய் சொல்லி என்ன? வருஷத்துக்கு மூண்டு நாலு தரம் இதில வாறனான். மூதூர் இறங்குதுறை வரைக்கும் வருவன். எல்லாரும் படியால ஏறிப் போவினம். நான் இந்த இடத்தில இப்பிடியே இருப்பன், லாஞ்சி திரும்ப நானும் திரும்பிப் போவன். இறங்குதுறைப் படியில இண்டு வரைக்கும் கால் வைச்சதில்லை. ஒவ்வொரு முறையும் நினைச்சுக்கொண்டுதான் வாறது, இண்டைக்குப் போய் வில்லையைக் கையில குடுத்து, எடுத்தது நான்தானடா எண்டு சொல்லிப்போட்டு வருவம் எண்டு. அவனுக்குத் தெரியாததில்லை. நான் சொல்லோணும். அவன் போறதுக்கு முதல் என்ர வாயால சொல்லோணும், அவ்வளவுதான். லாஞ்சி தட்டும், கால் எழும்பாது.

பாருங்கோ, இதுதான் வில்லை. அறுபத்திமூண்டு. தேய்ஞ்சு மூண்டு வடிவாத் தெரியாது. நான்தான் தேய்ச்சது, விரலால.

கயிறு எறியிறாங்கள். தட்டிட்டுது. தேசிக்காயை நீங்களே வைச்சிருங்கோ, திரும்ப வரேக்கயும் தேவைப்படும். கவனம், படி வழுக்கும், முதல் அந்த மனிசி ஏறட்டும். பையை நான் பிடிக்கிறன், நீங்க ஏறுங்கோ.

ரீச்சர், ஒரு உதவி. மேல ஏறினாப் பிறகு ஒருக்காத் திரும்பி நிண்டு, என்ர பேரைச் சொல்லி ஏறு எண்டு ஒரு சத்தம் வைப்பீங்களோ? வயசுக்கு மரியாதை பாக்கவேண்டாம். வீரகத்தி, ஏறு எண்டு. மெல்லச் சொன்னாக் கேளாது, பள்ளிக்கூடத்தில பிள்ளையளைக் கூப்பிடுறமாதிரிச் சொல்லோணும். நான் வாறன் எண்டு சொல்லுவன். சொன்னா எழும்பித்தானே ஆகோணும்.

போங்கோ. எல்லாரும் ஏறட்டும். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.